நோயில்லாத பிள்ளையின் பெயர்

போன வாரம் கீர்த்தனா போன் செய்தாள். நான் விட்டு வந்த வேலையில் இப்போது இருக்கும் பெண் அவள். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், குடும்பம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரும் வேலை. மருந்தும் ஊசியும் மதுரையில், மருத்துவமனையில். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து வீடுகள் எங்கள் பொறுப்பு.

"ஷமீமாக்கா, இனிமே வீட்டுக்கெல்லாம் அலைய வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வீடியோ கால் போட்டுப் பேசினாப் போதுமாம்."

"நல்லதுதானே. வெயில்ல பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்."

"நல்லதுதான். ஆனா போனை எடுத்ததும் நேரா அந்தப் பிள்ளை மூஞ்சிக்கிட்டக் கொண்டு போயிருதாங்க. மத்த பிள்ளைங்க வீட்ல எந்த மூலையில இருக்குன்னே தெரிய மாட்டேங்குது. நீங்களும் லலிதா சிஸ்டரும் எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன். மீட்டிங்ல வாசிக்கணும்."

இப்படி எழுதுவதெல்லாம் வேலையில் நரைத்தவர்களுக்கு உரியது. எனக்கு வயது முப்பத்து மூன்று. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டேன். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "எங்க வீட்டம்மா ரிட்டயர்டு ஆயிட்டா" என்று என் கணவர் சிரிப்பார். எழுதலாமா, எழுதினால் யாருடைய மனமாவது புண்படுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் யாரைப் பற்றி எழுதப் போகிறேனோ அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "எழுதுங்க அக்கா. பேரை மாத்திருங்க. நான் அழுததை எழுதாதீங்க" என்றாள். ஓர் இடத்தில் அதை எழுதத்தான் வேண்டியிருந்தது. வாசித்துக் காட்டினேன். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டாள்.

மதுரையில் சமூகப்பணி முதுகலை படித்தேன். நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தவர்களைப் பற்றிப் பாடத்தில் அரைப் பக்கம் இருந்தது. தேர்வில் அது வரவில்லை. படிப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மின்விசிறியைப் போட்டால் கீழேயிருந்து இலவம்பஞ்சு ஏறி வந்து தேநீரில் விழும். அங்கேதான் லலிதா சிஸ்டர் எனக்கு மேலதிகாரி.

ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மதுரையில் குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர். வாயைத் திறந்தால் கண்டிப்பு. சந்தோஷமாக இருந்தால் மட்டும் என்னை "அம்மாயி" என்பார்; தெலுங்கில் 'பொண்ணே' என்று அர்த்தம். அந்த வார்த்தைக்காக நான் நாள் முழுக்கக் காத்திருந்ததுண்டு. ஸ்கூட்டியை ஓட்டும்போது இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே போவார். "பிரேக் பிடிக்க மாட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டால், "பிரேக்கை நம்பி நான் பிள்ளை பெக்கல" என்பார். அதற்கு என்ன அர்த்தமென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து பயந்துகொண்டே சிரித்த அந்தச் சாலைகளை மட்டும் மறக்க முடியவில்லை. வலது பக்கம் மலை கூடவே வரும். மழை பெய்த மறுநாள் அய்யனார் கோவில் பக்கம் வெள்ளைக் கோடாக அருவி தெரிகிறதா என்று நாங்கள் இருவரும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம். அவர் வண்டி ஓட்டுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

அவர் வேலை செய்யும் முறையைத்தான் கீர்த்தனா கேட்கிறாள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நோயாளிக் குழந்தை உள்ள வீட்டுக்கு வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து அந்தக் குழந்தையின் பக்கத்தில் வைப்பார்கள். கூடப் பிறந்ததுகள் நிலைப்படியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். லலிதா சிஸ்டர் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வருவார். வாசலிலேயே நிற்பார். "வீட்ல இன்னொரு ஆள் இருக்கணுமே, எங்க?" என்பார். அந்தப் பிள்ளை வந்து பழத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

இன்னொரு வழக்கம் அவருக்கு உண்டு. நம் ஊரில் பிள்ளை பிறந்தால் தாய்க்கு அந்தப் பிள்ளையின் பெயர்தான் பெயர். வார்டுக்குப் போனால் அது இன்னும் இறுகிவிடும். கட்டிலில் படுத்திருக்கும் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் நர்ஸும், சாப்பாடு கொண்டு வருகிறவரும், பக்கத்துக் கட்டில்காரரும் கூப்பிடுவார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் அங்கே அவள் அந்த ஒரு பிள்ளையின் அம்மா மட்டும்தான். லலிதா சிஸ்டர் அப்படிக் கூப்பிட மாட்டார். நோயில்லாத பிள்ளையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தத் தாய்மார்கள் சட்டென்று திரும்பமாட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று இருப்பார்கள். பிறகு முகம் மாறும். உலையில் அரிசி போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி ஒரு முகம்.

சேர்ந்த புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். அக்காவுக்குக் காலில் எலும்புப் புற்றுநோய். எட்டு வயதுத் தம்பி நொண்டிக்கொண்டு வந்து பழத்தை வாங்கினான்.

"எந்தக் காலுடா வலிக்கு?"

"இந்தா, இது."

நாங்கள் கிளம்பும்போது மற்றக் காலை நொண்டினான். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நடிக்கான் சிஸ்டர். ஏலே, இருக்கிற கஷ்டம் போதாதா ஒனக்கு?"

"ரெண்டு காலும்னா சும்மா விட முடியாதே" என்றார் லலிதா சிஸ்டர், சிரிக்காமல். "வியாழக்கிழமை வாரேன். இவனைப் பாக்க மட்டும்."

வியாழக்கிழமை போனார். அவனை மட்டும் உட்காரவைத்து இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அக்காவுக்குக் காலை எடுத்துவிடுவார்களா என்று அவன் கேட்டான். அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் அவனிடம் அதைப் பேசியிருக்கவில்லை. இரண்டு மூன்று வியாழக்கிழமைகளுக்குப் பிறகு அவன் நொண்டவில்லை. நொண்டுவதை மறந்துவிட்டு ஓடி வந்தான்.

நோயில்லாத பிள்ளைகளுக்கு வருகிற கோளாறுகள் இப்படித்தான் இருக்கும். வயிற்றுவலி, படுக்கையில் நனைத்தல், வகுப்பில் தூக்கம், எரிந்து விழுதல். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. அதைத்தான் நான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

மகாராஜபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பம். அப்பா ராணுவத்தில், வடக்கே. அம்மா முத்துச்செல்வி. ஆறு வயது மகன் கவினுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் மூத்த மகள் யாழினியை ராஜபாளையத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அவளுக்குப் பதினொரு வயது. அத்தை பேச்சியம்மாள், தறிகளிலிருந்து வரும் பேண்டேஜ் துணியை வீட்டிலேயே மடித்துக் கட்டிக் கொடுப்பவர். வீடு முழுக்க வெள்ளைத் துணி. அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு பெண் சத்தமில்லாமல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

"இவ இருக்கது ஆள் இருக்க மாதிரியே தெரியாது பாப்பா" என்று என்னிடம் சொன்னார் பேச்சியம்மாள். "பள்ளியொடத்துல முதல் மார்க்கு. வந்ததும் ஏனம் கழுவிருதா. சோறு வேணும்னு வாய்விட்டுக் கேட்டதில்ல. அம்புட்டு நல்ல புள்ள."

ஒரு பிள்ளையைப் பற்றி இப்படிச் சொன்னால் அடுத்த வாரமும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது லலிதா சிஸ்டரின் விதி. போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மூன்றாவது முறை, யாழினி கடைக்குப் போயிருந்த நேரத்தில், அத்தை கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். இவளுக்கு முடி கொட்டுது. காதுக்குப் பின்னால பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு வெறுந்தலை. சடை போட்டா மறைஞ்சிருது. தம்பிக்கும் இப்படித்தான கொட்டுச்சு. இவளுக்கும் அதுதானோ? அவ அம்மாட்டச் சொல்லல. சொன்னா அவ தாங்க மாட்டா."

கவினுக்கு முடி கொட்டியது மருந்தால்தான், நோயால் இல்லை என்று விளக்கினேன். யாழினி வந்ததும் தலை வாரிவிடுகிற சாக்கில் பார்த்தேன். தோலில் புண் இல்லை, பொடுகில்லை. நீளமும் குட்டையுமாக முறிந்த முடிகள். என் கை பட்டதும் அவள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக்கு வந்து லலிதா சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

"அவளேதான் பிடுங்குறான்னு நினைக்கேன் சிஸ்டர்."

"ஏன்னு கேட்டியா?"

"இல்ல."

"கேட்காத. ஏன்னு கேட்டா பிள்ளைங்க காரணம் சொல்லாது. இனிமே செய்ய மாட்டேன்னு மன்னிப்புத்தான் கேட்கும். முதல்ல தோல் டாக்டர்ட்ட காட்டு. நாம நினைக்கறது தப்பா இருந்தா?"

காட்டினேன். நோய் எதுவுமில்லை, பிடுங்கியதுதான் என்றார் அந்த டாக்டர். அத்தைக்கு உயிர் வந்தது. பிறகு கோபம் வந்தது. "ஏட்டி, கோட்டி பிடிச்சிருச்சா ஒனக்கு?" யாழினி தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே செய்ய மாட்டேன் அத்தை" என்றாள். லலிதா சிஸ்டர் சொன்னது சொன்னபடியே.

அடுத்த முறை சிஸ்டரும் வந்தார். வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பேண்டேஜ் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். தப்பாக மடித்தார்.

"அப்படி இல்ல சிஸ்டர். ஓரம் உள்ள போகணும்" என்று யாழினி காட்டிக்கொடுத்தாள்.

"இப்படியா?"

"இன்னும் இழுத்து."

கொஞ்ச நேரம் இருவரும் மடித்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து, எப்போது பேச்சு வரும், வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று பதறிக்கொண்டிருந்தேன். லலிதா சிஸ்டர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பிடுங்குன முடியெல்லாம் எங்க வச்சிருக்க, அம்மாயி?"

அவர் 'எங்கே போட்டாய்' என்று கேட்கவில்லை. யாழினியின் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உள்ளே சுருள் சுருளாக முடி. ஒவ்வொரு சுருளும் நூலால் கட்டியிருந்தது, பேண்டேஜ் கட்டுகிற அதே முடிச்சில்.

"பத்திரமா வச்சிருக்கியே" என்றார் சிஸ்டர்.

"மலைக்குக் கொண்டு போகணும். இன்னும் சேரல."

"எம்புட்டு சேரணும்?"

"மொட்டை போட்டா எம்புட்டு வரும், அம்புட்டு."

மீதியை அவளே சொன்னாள். தம்பிக்கு நோய் என்று தெரிந்ததும் அவள் அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின் மேல் இருக்கும் பெருமாளுக்கு, பிள்ளை பிழைத்தால் மூத்தவள் முடியைத் தருகிறேன் என்று நேர்ந்திருக்கிறாள். தம்பிக்குத்தான் தலையில் முடியே இல்லையே. புரட்டாசிச் சனிக்கிழமை போவதாக ஏற்பாடு. பள்ளிக் கலைவிழாவில் யாழினிக்குக் கும்மி ஆட்டம், முதல் வரிசை, நீளச் சடை வைத்து ஆட வேண்டும். மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். "சரி விடு, பொறவு பாத்துக்கிடலாம்" என்று அம்மா விட்டுவிட்டாள். யாழினி ஆடினாள். அந்த வாரமே கவினுக்குக் காய்ச்சல் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

"நான் அன்னைக்கே போட்டிருந்தா வந்திருக்காது" என்றாள். "அதுக்குப் பொறவு அம்மா மொட்டையப் பத்திப் பேசவே இல்ல."

"திட்டுனாங்களா?" என்று கேட்டேன்.

"திட்டல. திட்டவே இல்ல." அவள் என்னைப் பார்த்தாள். "அதான்."

வெளியே வந்தோம். நான் முஸ்லிம் வீட்டுப் பெண். பெருமாளுக்கு நேர்ந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னாலும் தப்பாகிவிடும். சாமி அப்படியெல்லாம் செய்யாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? சிஸ்டரிடம் சொன்னேன். "நீங்க சொல்லலாம் சிஸ்டர். நீங்கதான் புரட்டாசிக்குப் புரட்டாசி மலைக்குப் போறீங்க."

"நான் கும்பிடப் போறேன். பெருமாள் சார்பா பேச எனக்கும் லைசன்ஸ் குடுக்கல" என்றார். "அந்தக் காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் மதுரையில இருக்காங்க. இவளே போய்க் கேட்கட்டும்."

எனக்குச் சம்மதமில்லை. டாக்டர் அவசரத்தில் இருந்தால்? 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ நல்லாப் படி' என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டால்? அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிப் போவது நியாயமா? சொன்னால் அவள் இனிப்பாக ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுவாளே? ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். சிஸ்டர் வண்டியைத் திருப்பி அத்தை வீட்டுக்கே ஓட்டினார். யாழினியிடமே கேட்டார்: "அம்மாட்ட நாங்க சொல்லவா, நீ சொல்றியா?"

அவள் யோசித்தாள். "நான் டாக்டர்ட்ட கேட்கும்போது அம்மா பக்கத்துல இருந்தாப் போதும்."

முத்துச்செல்விக்குப் போன் செய்து, யாழினி டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டுமாம், நீங்களும் இருக்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னோம். டாக்டரிடம் சிஸ்டர் தனியாகப் பேசி, கொஞ்சம் நேரம் வாங்கி வைத்தார்.

மதுரைக்குப் போகும் பஸ்ஸில் யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தம்பி சிகிச்சைக்குப் போகிற இடத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. "அங்க தம்பி எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பான்?" என்று கேட்டாள். இதையெல்லாம் ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வார்டில் கவின் கட்டிலில் எழுந்து நின்று கத்தினான். "ஏ, எங்கக்கா வந்துட்டா! ஏட்டி, கேரம் போர்டு கொண்டாந்தியா?"

"இல்லலே. பழம் இருக்கு."

"போ, ஏட்டி. தினமும் பழம்."

லலிதா சிஸ்டர் அவர்களின் அம்மாவைக் கூப்பிட்டார். "யாழினி அம்மா, வாங்க. டாக்டரம்மா கூப்பிடுதாங்க." முத்துச்செல்வி சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

டாக்டர் அறையில் யாழினி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருப்பாள் போல, ஒரே மூச்சில் கேட்டாள்.

"நான் புரட்டாசியில மொட்டை போட்டிருந்தா தம்பிக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்குமா வராதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். கவினின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "இது கிருமியோட சண்டை போடுற அணு. இங்க பாரு, காய்ச்சலுக்கு முன்னாடியே குறைஞ்சிருக்கு. குறைச்சது நான் குடுத்த மருந்து. கெட்ட அணுவைக் கொல்லும்போது நல்லதையும் சேர்த்துக் கொல்லும். அந்த வாரம் காய்ச்சல் வரலாம்னு உங்கம்மாட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். நீ மொட்டை போட்டிருந்தாலும் வந்திருக்கும்."

யாழினி தாளைப் பார்த்தாள். "அப்போ உங்க தப்பா?"

"ஏட்டி!" என்றாள் முத்துச்செல்வி.

"கேட்கட்டும். தப்பில்லம்மா. அந்த மருந்து குடுக்கலன்னா தம்பி இருக்க மாட்டான். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அங்கேயே முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முத்துச்செல்வி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்த மொட்டையச் சொல்லுத நீ?"

"பெருமாளுக்கு நேந்தியே. நான் மாட்டேன்னு சொன்னேன்ல. அதுக்குத்தான கோவம் ஒனக்கு?"

முத்துச்செல்வியின் வாய் திறந்தபடி இருந்தது. "யாத்தி, நான் அதை மறந்தே போனேன்டி. கோவமா? அவன் அப்படிக் கெடக்கும்போது எனக்கு மொட்டையும் நெனப்பில்ல, ஒண்ணும் நெனப்பில்ல."

"மறந்துட்டியா?"

"சத்தியமா மறந்துட்டேன்."

"நான் ஆடுனதும்?"

முத்துச்செல்வி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். யாழினி அப்போதுதான் அழுதாள். பழி இறங்கிய அழுகை அது இல்லை. இத்தனை நாள் அம்மா தன்னைப் பற்றிக் கோபமாகவாவது நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் நம்பியிருந்தாள். அதுவும் இல்லை. முத்துச்செல்வி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்; பதினொரு வயதுப் பெண், கால் தரையில் இழுபட்டது. "ஆடிக் காட்டுட்டி. வீட்டுக்குப் போனதும் ஆடிக் காட்டு. நான் பாக்கேன்." டாக்டர் எழுந்து வெளியே போய், அடுத்த நோயாளியைச் சற்று நேரம் பொறுக்கச் சொன்னார்.

அத்தோடு முடி பிடுங்குவது நின்றுவிடவில்லை. இதைக் கீர்த்தனா முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காரணம் போன பிறகும் கை பழகிவிடுகிறது. மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் மாதக்கணக்கில் போய் வந்தாள். கை தலைக்குப் போகும்போதெல்லாம் எதையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். வடக்கேயிருந்து அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளிடம் மட்டும் பேச ஆரம்பித்தார். முதலில் இருவருக்கும் பேச விஷயமில்லாமல் 'சாப்பிட்டியா' என்று இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொள்வார்கள் என்று அத்தை சொல்லிச் சிரித்தார். அந்தக் கவரில் இருந்த முடியை அம்மாவும் மகளும் ஒரு சனிக்கிழமை மலைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். கவினை அத்தையிடம் விட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும். வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் புரோட்டா சாப்பிட்டார்களாம். யாழினி என்னிடம் விவரமாகச் சொன்னது அந்தப் புரோட்டாவைப் பற்றித்தான்.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு உடம்பு சுட்டால் என் கை அவன் கழுத்தையும் அக்குளையும் தடவி, கட்டி இருக்கிறதா என்று பார்க்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெரியவள் எங்கே என்று கண் தேடும். அவள் கதவோரம் நின்றுகொண்டிருப்பாள். கூப்பிட்டு உட்காரவைத்தால், "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்பாள். அதிகமாகக் கவனிக்கிறேனோ, அதனாலேயே அவளைப் பயமுறுத்துகிறேனோ என்று அதற்கும் ஒரு கவலை. இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி கவலைதான். ஆனாலும் அந்த ஸ்கூட்டிச் சாலைகளுக்கு ஒரு நாளாவது திரும்பிப் போக முடிந்தால் போவேன்.

வேலையை விடுவதற்கு முந்தைய புரட்டாசியில் முத்துச்செல்வி எங்களைக் கூப்பிட்டாள். கவினுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. முடி வளர்ந்ததும் அவனுக்கே மொட்டை போடுவதாக அவள் பிறகு நேர்ந்திருந்தாள்; அதை நிறைவேற்றப் போகிறார்கள். அப்பாவும் விடுமுறையில் வந்திருந்தார். வயிற்றில் பிள்ளையோடு நான் அடிவாரத்தில், குளத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நெரிந்தது. எதிரிலேயே இருந்த மொட்டை போடும் கொட்டகையில் கவினின் முறை வந்தது. அவன் அப்பாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தான்.

"நான் போட மாட்டேன்."

"ஏலே, சாமிக்கு நேந்ததுலே" என்றாள் முத்துச்செல்வி.

"நீதான நேந்த? நான் நேரலல்ல?"

"அப்படிச் சொல்லப்புடாதுய்யா. கன்னத்துல போட்டுக்க" என்று அத்தை பதறினார்.

பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எல்லோரும் யாழினியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பதின்மூன்று வயதாகியிருந்தது அவளுக்கு. சடை தோளுக்குக் கீழே வந்திருந்தது. எழுந்து போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். லலிதா சிஸ்டர் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

யாழினி தம்பியின் முன்னால் குனிந்தாள். "ஏன்லே வேண்டாங்க?"

"பள்ளியொடத்துல மொட்டைன்னுதான் கூப்பிட்டானுக. இப்பத்தான் பேரு சொல்லிக் கூப்பிடுதானுக."

அவள் நிமிர்ந்தாள். "அம்மா, அவன் வேண்டாம்னா வேண்டாம். பொறவு அவனா வருவான்."

"நேந்தாச்சே யாழினி..."

"ஒண்ணும் ஆவாதும்மா."

முத்துச்செல்வி கையிலிருந்த மொட்டைச் சீட்டைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவள் கணவர் மகன் கையிலிருந்து பெல்ட்டை விடுவித்துக்கொண்டு அந்தச் சீட்டை வாங்கினார். "எனக்கு எப்படியும் பட்டாளத்துல ஒட்ட வெட்டத்தான் போறான்" என்று சொல்லிவிட்டு நாவிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தை சிரித்துவிட்டார். கவின் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டு, அப்பாவின் தலையில் தண்ணீர் தெளிப்பதை எட்டிப் பார்த்தான். கத்தி இறங்கியதும் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, நெசமாவே எனக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாதுலே" என்றாள் யாழினி. "நான் டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன்."